இந்த முறை மாரி எப்படி? வன்னியில் மழையைக் கணிப்பதும் கணிப்பைச் சோதிப்பதும்

ஆவணி பிறந்ததும் இலங்கையின் வடக்கே வன்னியில் எந்தக் கமநல சேவைகள் நிலையத்தின் வாசலில் நின்றாலும் காதில் விழுவது ஒரே கேள்விதான்: "இந்த முறை மாரி எப்படி?" கேட்க ஒன்று, உள்ளே நாலு. புழுதியில் விதைத்தால் முளைக்கிற மழை எப்போது வரும்? முளைத்த பிறகு மழை எத்தனை நாள் விட்டுப் பிடிக்கும்? குளம் நிரம்புமா, நிரம்பினால் கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர்? தையில் அரிவு வெட்டும்போது வானம் வெளித்திருக்குமா?

இந்த நாலுக்கும் ஒரே நாளில், ஒரே முறையில் பதில் சொல்ல முடியாது. சிலதுக்கு மூன்று மாதம் முன்பே அரைகுறையாகச் சொல்லலாம். சிலதுக்கு மூன்று நாள் முன்புதான் வாய் திறக்கலாம். சிறுபோகத் தண்ணீருக்கு மட்டும் வானத்தைப் பார்க்காமலே பெரும்பகுதியைச் சொல்லிவிடலாம். ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலைத் தூக்கி இன்னொரு கேள்விக்குப் போடுவதில்தான் வன்னியில் கணிப்புகள் பெரும்பாலும் பிழையாகின்றன.

பழமொழிக்கும் ஊர் உண்டு

"கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை" என்பார்கள். கணிப்பு என்ற வகையில் இது நல்ல பழமொழி. நாள் குறித்துச் சொல்கிறது, ஆகவே சோதிக்கலாம். கார்த்திகை முடிவது டிசம்பர் 15 அல்லது 16. 1964இல் தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்தது டிசம்பர் 22. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைத் தண்ணீரில் மூழ்கடித்த 2018 வெள்ளம் தொடங்கியது டிசம்பர் 21 இரவு. இரண்டும் மார்கழியின் முதல் வாரம். டிசம்பர் முழுவதுமே வன்னியின் பெருமழைக் காலத்துக்குள் வருகிறது. தாழமுக்கங்கள் தை வரைக்கும் வருவதுண்டு. இந்தப் பழமொழியை நம்பிக் கார்த்திகை விளக்கீட்டோடு வரம்பு கட்டுவதை நிறுத்தினவருக்கு வயல் மிச்சமிராது.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதும் அப்படித்தான். ஆடியில் வன்னியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். அப்போது விதைத்தால் நெல் மண்ணில் வறுபடும். மாரி மழையை நம்பிச் செய்யும் காலபோகத்தின் விதைப்பு இங்கே புரட்டாதிக் கடைசியிலும் ஐப்பசியிலும். பழமொழி பிறந்த ஊரில் அது சரியாக இருந்திருக்கும். ஊர் மாறினால் பட்டமும் மாறவேண்டும்.

ஈசல் புறப்படுவது, எறும்பு முட்டையோடு திட்டை ஏறுவது, தும்பி தாழப் பறப்பது ஆகியவற்றின் நிலை வேறு. காற்றில் ஈரம் கூடுவதைப் பூச்சி உணர்கிறது. அதனால் சில மணிநேரத்துக்கு, கூடினால் ஒரு நாளுக்கு இந்தக் குறிகள் உதவும். மருந்தடிப்பதை மாலைக்குத் தள்ளலாமா என்று முடிவெடுக்க ஈசல் போதும். குளம் நிரம்புமா என்று ஈசலிடம் கேட்கக் கூடாது.

பஞ்சாங்கம் கொஞ்சம் சிக்கலானது. வாக்கியமானாலும் திருக்கணிதமானாலும் அதே புத்தகத்தில்தான் கிரகணமும் இருக்கிறது, மழையும் இருக்கிறது. கிரகணம் சொன்ன நாளில் பிடிக்கிறது. அந்த நம்பிக்கை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மழைப் பலனுக்கும் கடன் போய்விடுகிறது. நிலவின் ஓட்டம் கணக்குக்குள் அடங்கும். மேகத்தின் ஓட்டம் அப்படி அடங்காது. இந்த ஆண்டுக்கு இன்ன மேகம், இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை, நாட்டுக்கு இத்தனை என்று எழுதியிருப்பதில் ஊர் இல்லை, நாள் இல்லை, மானியில் அளக்கக்கூடிய அளவும் இல்லை. பிழையாகிப்போக வழியே இல்லாத வாக்கு அது. பிழையாக முடியாத கணிப்பால் கமக்காரருக்கு ஒரு சதம் பயனும் கிடையாது.

கர்ப்போட்டம் மட்டும் இதற்கு விலக்கு. மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் பதின்மூன்று, பதினான்கு நாட்களில், அதாவது டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 10ஐ ஒட்டிய நாட்கள் வரை, மேகமும் காற்றும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து அடுத்து வரும் மாதங்களின் மழையைச் சொல்வது அந்த முறை. இன்ன நாளுக்கு இன்ன மாதம் என்று பிணைத்திருப்பதால் இதைச் சோதிக்கலாம். அந்த நாட்களிலேயே, பின்னால் திருத்த முடியாதபடி பேனையால், ஒவ்வொரு மாதத்துக்கும் "கூட" அல்லது "குறைய" என்று எழுதி வைக்கவேண்டும். மழை முடிந்த பின் அந்த மாதத்து அளவை நீண்டகால நடு அளவோடு ஒப்பிடவேண்டும். நாணயத்தைச் சுண்டினாலே பாதி சரிவரும் என்பதை மறக்கக் கூடாது. பத்து மாதத்தில் ஆறு சரி என்பது ஒன்றுமில்லை. நூறு மாதத்தில் அறுபத்தைந்து சரிவந்தால் அப்போது உட்கார்ந்து பேசலாம்.

தொண்ணூற்றாறு வீதம் சரி என்றால்?

1884இல் அமெரிக்காவில் ஃபின்லி என்ற வானிலை அதிகாரி சுழற்காற்று வருமா வராதா என்று 2,803 கணிப்புகள் வெளியிட்டார். 96.6 வீதம் சரி என்று கணக்கு வந்தது. பிறகு கில்பர்ட் என்பவர் அதே அட்டவணையை எடுத்து ஒன்றைக் காட்டினார்: எல்லா நாளும் "வராது" என்று மட்டும் சொல்லியிருந்தால் 98.2 வீதம் சரிவந்திருக்கும். சுழற்காற்று உண்மையில் வந்தது 51 தடவை. அதில் ஃபின்லி முன்கூட்டிச் சொன்னது 28; தவறவிட்டது 23. வரும் என்று சொல்லி வராமல் போனது 72.

வன்னியில் ஆனி, ஆடி மாதங்களில் தினமும் "இன்றைக்கு மழை இல்லை" என்று சொல்லும் ஒருவர் ஃபின்லியையும் மிஞ்சிவிடுவார். அதை யாரும் திறமை என்று சொல்லமாட்டோம். ஆகவே ஒரு கணிப்பை எடைபோட மூன்று எண்ணிக்கை வேண்டும்: சொல்லி வந்தது, சொல்லாமல் வந்தது, சொல்லி வராமல் போனது. நடக்காது என்று சொல்லி நடக்காமல் போனதை அதிகம் மெச்சவேண்டாம்.

வீதக் கணக்கில் சொல்லும் கணிப்பைச் சோதிக்க 1950இல் பிறையர் என்ற வானிலையாளர் கொடுத்த வழி இன்றைக்கும் போதும். 70 வீதம் மழை என்று சொல்லி மழை வந்தால் பிழை 0.3, அதன் வர்க்கம் 0.09. வராவிட்டால் பிழை 0.7, வர்க்கம் 0.49. பல நாள் வர்க்கங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் குறைந்தவர் கெட்டிக்காரர். நிச்சயம் என்று அடித்துச் சொல்லிப் பிழைவிட்டவருக்கு முழுதாக 1 விழும். மேடையில் அடித்துச் சொல்பவர்களை இந்தக் கணக்கு நன்றாகவே தண்டிக்கும்.

கடல் சொல்வது, அதைத் தலைகீழாகப் படிப்பது

மூன்று மாதம் முன்பே ஏதாவது சொல்லலாம் என்றால் அதற்குக் காரணம் வானம் அல்ல, கடல். கடல் மெல்லச் சூடேறி மெல்ல ஆறுவது. பசிபிக் நடுப்பகுதியின் மேற்பரப்பு வழமையைவிட அரைப் பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகி அப்படியே மாதக்கணக்கில் நின்றால் எல் நினோ; அதே அளவு குளிர்ந்தால் லா நினா. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பக்கம் சுமாத்திராப் பக்கத்தைவிடச் சூடேறினால் நேர் இருமுனை. எதிராக நடந்தால் எதிர் இருமுனை.

வன்னியில் அடிக்கடி நடக்கும் பிழை இங்கேதான் இருக்கிறது. இந்தியச் செய்தியில் "எல் நினோ, பருவமழை பொய்க்கும்" என்று கேட்டுவிட்டு அதைக் காலபோகத்துக்குப் போடுகிறார்கள். அது இந்தியாவின் தென்மேற்குப் பருவமழைக்கான பேச்சு. இலங்கையில் ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை எல் நினோவும் நேர் இருமுனையும் மழையைக் கூட்டும் பக்கம் சாய்க்கின்றன. லா நினாவும் எதிர் இருமுனையும் குறைக்கும் பக்கம். எல் நினோ வலுத்த 2015இலும், இருமுனை கடுமையாக நேராக நின்ற 2019இலும் வடக்கில் மாரி பலமாக இருந்தது. 2016இல் எதிர் இருமுனை மிக வலுவாக நின்றது, பசிபிக்கும் லேசான லா நினாப் பக்கம் போனது. அந்த 2016/17 காலபோகத்தில் நாடே பல பத்தாண்டுகளில் காணாத வறட்சியைக் கண்டது.

தை பிறந்த பிறகு அடையாளம் திரும்பிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை எல் நினோ மழையைக் குறைக்கும் பக்கம், லா நினா கூட்டும் பக்கம். வலுவான லா நினா நின்ற 2011 ஜனவரி, பெப்ரவரியில் கிழக்கு மாகாணம் இரண்டு தடவை வெள்ளத்தில் மூழ்கியதை இதோடு சேர்த்துப் படிக்கவேண்டும். விதைப்புக்கு ஒரு பக்கம் சாய்ந்த குறி அரிவு வெட்டுக்கு எதிர்ப்பக்கம் சாயும். அதை ஒரே சொல்லில் "நல்ல வருசம்", "கூடாத வருசம்" என்று அடக்கினால் இரண்டும் கெடும்.

சாய்வு என்ற சொல்லையும் வேண்டுமென்றே சொல்கிறோம். 2010இலிருந்து நடக்கும் தெற்காசியப் பருவகாலக் கணிப்பு மன்றமும், நமது வளிமண்டலவியல் திணைக்களமும் பருவக் கணிப்பை மூன்று பங்காகத்தான் சொல்கின்றன: வழமைக்கு மேல், வழமை, வழமைக்குக் கீழ். கடந்த முப்பது ஆண்டு மழையை ஏறுவரிசையில் அடுக்கி மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் பத்து ஆண்டு விழும். ஒன்றுமே தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 வீதம். இப்போது கணிப்பு 25, 30, 45 என்று, அதாவது கீழ்ப் பக்கம் 45 என்று வந்தால் அதன் பொருள் "மழை குறையும்" என்பதல்ல. பத்தில் நாலரை தடவை குறையும், இரண்டரை தடவை கூடும். அந்த இரண்டரையும் உயிரோடுதான் இருக்கிறது.

2025ஐப் பாருங்கள். லா நினாப் பக்கம் பசிபிக், எதிர் இருமுனையில் இந்து சமுத்திரம். கடலின் இரண்டு குறியும் குறைவு என்றன. நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மன்னாரை வெள்ளம் சூழ்ந்தது. பருவம் முழுவதற்குமான சாய்வை ஒரு புயல் மூன்று நாளில் கவிழ்த்துவிடும். பருவக் கணிப்பை வைத்து எந்த இன நெல் விதைப்பது என்று முடிவெடுக்கலாம். வரம்பையும் வடிகாலையும் கவனிக்காமல் விடலாம் என்று முடிவெடுக்கக் கூடாது.

இன்னொன்று. பங்குனி, சித்திரையில் வெளிவரும் எல் நினோக் கணிப்புக்கு அவ்வளவு பலமில்லை. அந்த மாதங்களில் பசிபிக் எந்தப் பக்கமும் புரளும். ஆவணிக் கடைசியில், செப்டெம்பர் நடுவில் பார்ப்பதே பார்வை.

சொந்த ஊரின் கணக்கு

பொய்த் தொடக்கம்தான் புழுதி விதைப்பின் பரம எதிரி. ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு மழை விழும், நெல் முளைக்கும், பிறகு பத்து நாள் வெயில். ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல்லும் உழவுக் கூலியும் மண்ணோடு போகும். இதைக் கடலும் சொல்லாது, பஞ்சாங்கமும் சொல்லாது. பழைய மழைப் பதிவு சொல்லும்.

ஊருக்குக் கிட்டிய மழைமானியின் நாளாந்தப் பதிவு முப்பது ஆண்டுக்கு வேண்டும். முதலில் ஒரு விதியைக் கட்டவேண்டும். எடுத்துக்காட்டாக: செப்டெம்பர் 15க்குப் பின் தொடர்ச்சியான மூன்று நாளில் 30 மி.மீ. சேர்ந்த முதல் நாள் தொடக்கம். அதிலிருந்து 21 நாளுக்குள், தொடர்ந்து 8 நாள் ஒரு மி.மீ. கூட விழாவிட்டால் அது பொய்த் தொடக்கம். களிமண் வயலுக்கு 8 நாளை 10 ஆக்கலாம். முல்லைத்தீவுக் கரையை ஒட்டிய மணல் தறைக்கு 6 ஆகக் குறைக்கவேண்டும். விதியைக் கட்டின பிறகு ஒவ்வோர் ஆண்டாக எண்ணவேண்டியதுதான். ஒக்ரோபர் 5க்கு முன் தொடங்கின ஆண்டுகளில் எத்தனை பொய்த்தன, 15க்குப் பின் தொடங்கினவற்றில் எத்தனை பொய்த்தன என்று பிரித்து எண்ணினால் விதைப்புத் திகதி தானாகத் தெரியும்.

எண்ணும்போது ஒரு சின்னத் திருத்தம் செய்யவேண்டும். 30 ஆண்டில் 9 தடவை நடந்தால் மேலே ஒன்றும் கீழே இரண்டும் கூட்டி, 32இல் 10 என்று எழுதுவது வழக்கம், 31 வீதம். இது பெரிய வித்தியாசமில்லை. ஆனால் 30 ஆண்டில் ஒரு தடவையும் நடக்காத ஒன்றுக்கு இந்த முறை 32இல் ஒன்று, அதாவது 3 வீதம் என்று சொல்லும். பூச்சியம் என்று சொல்லவிடாது. பூச்சியம் என்று நம்பின இடத்தில்தான் அழிவு வரும்.

வன்னிப் பதிவுகளில் இதற்கென்றே ஒரு பொறி உண்டு. போர்க்காலத்தில், இடப்பெயர்வுகளில் பல இடங்களின் பதிவு அறுந்துபோனது. அளவு எடுக்காத நாளைச் சிலர் பட்டியலில் 0 என்று நிரப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நடக்காத வறட்சி ஒன்று கணக்குக்குள் புகுந்துவிடும். வெற்று நாள் வெற்றாகவே இருக்கவேண்டும். ஒரு மாதத்தில் ஐந்து நாளுக்கு மேல் வெற்றானால் அந்த மாதத்தையே தள்ளிவிடவேண்டும்.

பதிவு இல்லாத ஊரில் இன்றைக்கே தொடங்கலாம். நேரான சுவருள்ள ஒன்றரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் தலைப்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாகச் செருகவேண்டும். புனலின் வாயும் போத்தலின் உடலும் ஒரே அகலமாக இருந்தால் உள்ளே நிற்கும் உயரமே மழையின் உயரம். அடி மேடு பள்ளமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, நேர்ச்சுவர் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியக் கோடு கீறவேண்டும். வாசல் மரத்துக்குக் கீழே வைத்தால் பயனில்லை: 5 மீற்றர் உயரமான கூரையோ மரமோ இருந்தால் 10 மீற்றராவது தள்ளி, தரையில் பட்டுத் தெறிக்கும் தண்ணீர் உள்ளே போகாத உயரத்தில் வைக்கவேண்டும். காலை 8.30க்கு வாசிப்பது திணைக்களத்தின் நேரம். அதையே வைத்துக்கொண்டால் ஒப்பிடலாம். போத்தல் 200 மி.மீ. அளவில் நிரம்பிவிடும். புயல் மழையில் நடுவிலே ஒருதடவை வாசித்து ஊற்றாவிட்டால் மிக முக்கியமான நாளே பதிவில் குறைந்துபோகும். ஒரு மி.மீ. மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லீற்றர் என்பதை மனதில் வைத்தால் அந்தப் போத்தல் விளையாட்டுப் பொருளாகத் தெரியாது.

மூன்று நாள்

நாள் கணிப்பில், எந்த வகை மழை என்பதே முதல் கேள்வி. ஐப்பசியில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் இடியோடு வரும் மழை கிளிநொச்சியில் கொட்டும், பரந்தனில் தூறாது. எந்த வயலில் என்று முதல் நாள் சொல்ல யாராலும் முடியாது. "சில இடங்களில் 100 மி.மீ.க்கு மேல்" என்ற அறிவிப்பில் "சில இடங்களில்" என்பது சாக்கல்ல, உண்மை. கார்த்திகை, மார்கழியில் வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்க மழை அப்படியில்லை. அது நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலமானது. மூன்று, நாலு நாள் முன்பே தெரியும்.

காரைக்கால் ராடார் படத்தைக் கைபேசியில் பார்ப்பவர்கள் இப்போது நிறைய. நல்லதுதான். ஆனால் கிளிநொச்சி அங்கிருந்து ஏறத்தாழ 180 கி.மீ.; பூமியின் வளைவாலும் கதிரின் சரிவாலும் அந்தத் தூரத்தில் ராடார் பார்ப்பது தரைக்கு மூன்று கி.மீ.க்கு மேலே உள்ள மேகத்தை. வாடைக் காற்றோடு தாழ வரும் மழை அதன் கண்ணில் படாமலே போகும். படத்தில் ஒன்றுமில்லை, வெளியே நனைகிறது என்றால் படம் பொய் என்று கொள்ளவேண்டாம்.

புயல் பாதைக்கும் அளவு உண்டு. ஒரு நாள் முன்பே குறிக்கும் இடத்தில் சராசரியாக எழுபது, எண்பது கி.மீ. பிழை வருகிறது. முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் நேர்கோட்டுத் தூரமே ஏறத்தாழ 90 கி.மீ. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி இரண்டுக்கும் நடுவே கரை ஏறியது. பயந்த அளவு காற்று அடிக்கவில்லை. அதனால் "ஏமாற்றிவிட்டார்கள்" என்ற பேச்சு எழுந்தது. வட்டத்துக்குள் எங்கேயும் வரலாம் என்று சொன்னதை வட்டத்தின் நடுவில்தான் வரும் என்று கேட்டதன் விளைவு அது. 2022 டிசம்பரில் நடந்தது வேறு விதம். மாண்டஸ் புயலின் காற்றும் மழையும் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். கூடவே வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் செத்தன. கணிப்பு வந்தது, கேள்விதான் கேட்கப்படவில்லை. நனைந்த மாட்டுக்குக் காற்றுப் படாத ஒதுக்கிடம் வேண்டும் என்பதை மேய்ச்சல் தரவைக்குப் போன ஒரு கணிப்பும் சொல்லவில்லை.

குளத்தில் நிற்பது

கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவின் நீரேந்து பரப்பு ஏறத்தாழ 590 சதுர கி.மீ. அங்கே 100 மி.மீ. மழை விழுந்தால் குளத்துக்கு எவ்வளவு வரும்? ஐப்பசித் தொடக்கத்தில் மண் காய்ந்து, கனகராயன் ஆற்றின் மேற்பக்கச் சிறுகுளங்களெல்லாம் வெறுமையாக இருக்கும்போது நூற்றில் ஐந்து பங்கு வந்தாலே பெரிது. அது 2,400 ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர் அடி). அதே 100 மி.மீ. மார்கழியில், மண் ஊறி, சிறுகுளங்கள் நிரம்பி வான் பாயும்போது விழுந்தால் நாற்பது பங்கு ஓடி வரலாம். அது 19,000 ஏக்கர் அடி. மழை ஒன்று, தண்ணீர் எட்டு மடங்கு. "முந்தின மழைக்கு ஓரடிகூட ஏறவில்லை, இதற்கும் ஏறாது" என்ற கணிப்பு இதனால்தான் கவிழ்கிறது. மேலே ஒரு சிறுகுளம் உடைத்தால் அந்த வெள்ளம் எந்தக் கணக்கிலும் இராது.

கதவு திறப்பதும் ஒரு கணிப்புத்தான். புனரமைப்புக்குப் பின் இரணைமடுவில் 34 அடிக்குப் பதிலாக 36 அடி தேக்கலாம். மார்கழி நடுவில் குளம் நிரம்பக் கொஞ்சம் இருக்கிறது, தாழமுக்கம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பே திறந்தால், மழை விலகிப்போனால், சிறுபோகத் தண்ணீரைக் கடலுக்கு விட்டவர் என்ற பெயர். திறக்காமல் விட்டு, மழை விழுந்தால், எல்லாக் கதவையும் ஒரே இரவில் தூக்கவேண்டிவரும். கீழே உள்ள ஊர்கள் இருட்டில் இடம்பெயரும். 2018க்குப் பிறகு கிளிநொச்சியில் இந்த வாதம் ஓயவில்லை. மழைக் கணிப்பு மூன்று நாள் முன்பே நம்பத்தக்கதாக இருப்பது தாழமுக்க மழைக்குத்தான் என்பதால், அந்த மூன்று நாளில் படிப்படியாகத் திறப்பதற்கு ஒரு விதியை ஆவணியிலேயே எழுதிவைத்திருப்பதே நல்லது. மழை கொட்டும் இரவில் கூட்டம் போட்டு விதி எழுத முடியாது.

சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நடக்கும் கணக்கு இதைவிட எளிது, ஆனால் அடிக்கடி பிழையாவதும் அதுதான். நடுத்தரக் குளம் ஒன்றில் பங்குனிக் கடைசியில் 9,000 ஏக்கர் அடி நிற்கிறது என்று கொள்வோம். நெல்லுக்கு, வாய்க்கால் இழப்பும் சேர்த்து, ஏக்கருக்கு 5 ஏக்கர் அடி. வகுத்தால் 1,800 ஏக்கர். கூட்டத்தில் இந்த எண்தான் கைதட்டு வாங்கும். குளம் அப்படிக் கணக்குப் பார்க்காது. துலுசுக்கு, அதாவது மதகுக்கு, கீழே நிற்பதும், மாடு, மீன், கிணறுகளுக்காக விடவேண்டியதும் 1,000. கோடையில் நாளுக்கு 6 மி.மீ. ஆவியானால் 150 நாளில் 900 மி.மீ., அதாவது மூன்று அடி. சராசரி நீர்ப்பரப்பு 1,000 ஏக்கர் என்றால் 3,000 ஏக்கர் அடி வெயிலுக்கே போகிறது. மிஞ்சுவது 5,000. விதைக்கக்கூடியது 1,000 ஏக்கர். மற்ற 800 ஏக்கரின் கதிர், பால் பிடிக்கிற நேரத்தில் கடைமடையில் காயும்.

அடிக்கணக்கும் ஏமாற்றும். குளம் கிண்ணம் போன்றது. மேலே அகலம், கீழே ஒடுக்கம். ஆழம் பாதியானால் தண்ணீர் பாதியாக நிற்காது, பெரும்பாலும் காற்பங்கு அல்லது அதிலும் குறைவு. நீர்மட்டத்தைக் கொள்ளளவாக மாற்றும் அட்டவணை ஒவ்வொரு பெரிய குளத்துக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் உண்டு. வண்டல் படிந்த குளத்துக்குப் பழைய அட்டவணை கூட்டித்தான் காட்டும். மன்னாரின் கட்டுக்கரைக் குளத்துக்கு இன்னொரு சிக்கல்: அதன் தண்ணீர் அருவியாற்றில் தேக்கம் அணையால் திருப்பி வருவது. அங்கே மன்னாரின் வானத்தைவிட அநுராதபுரத்தின் வானமே முக்கியம்.

தண்ணீர் குறைவென்று தெரிந்தால் பரப்பைக் குறைப்பது ஒரு வழி, நாளைக் குறைப்பது மற்றது. மூன்றரை மாத நெல் இனமான ஏ.ரி. 362க்குப் பதிலாக மூன்று மாத பி.ஜி. 300, அல்லது இரண்டரை மாத பி.ஜி. 250 போட்டால் கடைசி நாலைந்து தண்ணீர் மிஞ்சும். விளைச்சல் குறையும். கணிப்பு நிச்சயமில்லாத ஆண்டில் அந்தக் குறைவு காப்புறுதிக் கட்டணம் மாதிரி.

தை மழை

அரிவு வெட்டில் கேட்கவேண்டியது "மழை வருமா" என்பதல்ல, எத்தனை வீதம் வந்தால் நான் அசையவேண்டும் என்பது. கணக்குக்கு ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். நாலு நாள் முந்தி வெட்டினால் ஈரப்பதம் கூடி, 14 வீதத்துக்குக் காயவைக்கும் செலவும் விலைக் குறைவும் சேர்ந்து ஏக்கருக்கு 5,000 ரூபா நட்டம். காத்திருந்து மழை பிடித்துப் பயிர் சாய்ந்தால், கதிரிலேயே முளைவிட்டால், 40,000 ரூபா நட்டம். ஐயாயிரத்தை நாற்பதாயிரத்தால் வகுத்தால் 12.5 வீதம். மழைக்கு அதைவிடக் கூடிய வாய்ப்பு இருந்தால் முந்தி வெட்டுவதே இலாபம். "பெரும்பாலும் மழை இல்லை, 20 வீதம்தான்" என்ற செய்தியைக் கேட்டுப் பலர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். வெட்டு இயந்திரத்துக்கு முற்பணம் கொடுக்க அந்த இருபதே போதும்.